பிங்க்ஸ் என்று எழுதியிருந்தது

குளிர் நாட்டுத் தோட்டத்தில் என்ன பூ வைக்கலாம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கும். கராம்புப் பூ. புத்தகத்தில் அதற்கு டயாந்தஸ் என்று பெயர் போட்டிருக்கும். உறைபனி கொட்டினாலும் சாகாது. வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும். இவ்வளவும் தெரிந்த எனக்கு, வெள்ளைக்காரர்கள் அதை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அந்த ஒரு பெயர் தெரியாததால் ஷார்ஜாவில் ஒரு மனிதருடைய பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கும் ஜவுளிக்கடையில் யாராவது "அந்தப் பிங்க் சேலையை எடுங்க" என்று சொன்னால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

நான் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் பெரிய துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை செய்தேன். மற்றவர்கள் மலையில் கொழுந்து பறிக்க, நான் பூவுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்ததால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் என்னைத் துரைசானி என்று கேலி செய்வார்கள். ஜனவரி காலையில் புல்தரை முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ரோஜா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். கராம்புப் பூச்செடி மட்டும் சாம்பல் பூசிய மெல்லிய இலையோடு தன்பாட்டில் இருக்கும். பூவை மூக்கருகே கொண்டுபோனால் அசல் கராம்பு வாசனை. தமிழ்நாட்டுக்காரர்கள் கிராம்பு என்று சொல்வார்கள். வாசனையை வைத்து நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம், அதற்குமேல் ஒரு பெயர் தேவைப்படவில்லை.

அதில் பல வகை உண்டு. தரையோடு தரையாகப் பாய் விரித்து, சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பூ வைப்பது ஒன்று. கல்லிடுக்கில் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்வீட் வில்லியம் என்பது இன்னொன்று. ஒரே தலையில் கொத்தாகப் பூக்கும்; பகட்டு அதிகம், வாசனை குறைவு, ஆனால் பூச்சாடியில் நாள் கணக்கில் நிற்கும். ஓரமெல்லாம் நறுக்கி நறுக்கி விட்ட வெள்ளை இருக்கிறதே, வாசனைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் என்னைக் கேட்டால் வெள்ளை இதழில் கருஞ்சிவப்புக் கரை போட்டதுதான் முதல். யாரோ வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து ஒவ்வொரு இதழுக்கும் மையால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். கல்யாணத்தன்று என் தலையில் வைக்க மல்லிகையோடு அதையும் சேர்த்துக் கட்டச் சொல்லி அடம்பிடித்திருக்கிறேன்.

அந்தப் பூவை ஷார்ஜாவில் மறுபடி பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு வில்லாவில் வீட்டு வேலை. வெள்ளைக்காரக் குடும்பம். நான் சேர் என்று கூப்பிடும் வீட்டுக்காரர் கட்டட எஞ்சினியர், விடியுமுன்னே சைட்டுக்குப் போய்விடுவார். தோட்டத்தை அவர் பார்ப்பது கார் நிறுத்தும் நேரத்தில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் இருட்டிய பிறகு. மேடம் கெட்டவரில்லை. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார். முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். கத்துகிறவர்களைச் சமாளிக்கலாம், இப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். அது எனக்கு இரண்டாவது வருஷம். ஏப்ரலில் லீவு என்று பேச்சு. ஐந்து வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். கடிதத்தோடு வந்த படத்தில் அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்தப் பல் முளைப்பதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. என் பாஸ்போர்ட் சேரின் அலமாரியில் இருந்தது. லீவில் போவது வேறு, விசா ரத்தாகிக் கேன்சலில் போவது வேறு. வளைகுடாவில் வேலை செய்த எல்லோருக்கும் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

முந்திய செப்டம்பரில் மேடம் ஊரிலிருந்து திரும்பியபோது பெட்டிக்குள் ஈரப் பேப்பரில் சுற்றிப் பன்னிரண்டு செடித் துண்டுகள் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவின் தோட்டத்தில் வேர்பிடிக்க வைத்தவை. இலையைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "இந்தப் பூ எனக்குத் தெரியும் மேடம், கராம்பு மணக்கும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். மேடம் சிரித்து, ஆமாம், மம்மியின் பூக்கள் என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அது "மம்மியின் பூக்கள்" தான். வேறு பெயர் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. குளிர்காலம் முழுக்க இங்கே பூக்கவிட்டு, கோடைச் சூடு முற்றுமுன் ஜூனில் திரும்பக் கொண்டுபோவதாகத் திட்டம். வீட்டுக்கு முன்னால் வட்டப் பாத்தியில் நட்டோம். சுற்றிலும் தோட்டப் பராமரிப்புக் கம்பனிக்காரர்கள் வைத்த பெட்டூனியாவும் செண்டுப்பூவும். பிப்ரவரியில் பன்னிரண்டும் பூத்தன. நான்கு வகையும் இருந்தன, கரை போட்ட வெள்ளை உட்பட.

தோட்டக்காரர் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வருவார். இராமநாதபுரம் கடற்கரை ஊர், ஐம்பதை நெருங்கிய வயது. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். துபாயில் மளிகைக்கடை வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்களாம். இறங்கியதும் கையில் ரப்பர் குழாயைக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் பலசரக்குக் கடையில் வளர்ந்தவர் என்பதால் பூ விரிந்த அன்றே மோந்து பார்த்து, "இது கிராம்புல்ல" என்றார். அரபியில் கிராம்புக்கும் இந்தப் பூவுக்கும் கரன்ஃபுல் என்று ஒரே பெயர் என்பதையும் அவர்தான் சொன்னார். ஆக, அரபிக்காரர்களுக்கும் எங்கள் லயத்துக்காரர்களுக்கும் ஒரே மூக்கு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. வேறொரு வில்லாவில் கொடியை அதிகமாக வெட்டிவிட்டார் என்று புகார் போயிருந்தது. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தால் கலாஸ், அதோடு முடிந்தது, டிக்கட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஃபோர்மன் சொல்லியிருந்தான். "வந்து பதினொரு மாசந்தான் ஆகுது தங்கச்சி. இப்பப் போயி எறங்குனா ஊர்ல மூஞ்சிய எங்க வைக்கிறது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவருக்கு இங்கிலிஷ் படிக்கத் தெரியாது. மேடம் வாரா வாரம் தோட்ட வேலையைச் சீட்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவார். நான் படித்துச் சொல்வேன், அவர் செய்வார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்த இங்கிலிஷ் எனக்கு. அதைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மார்ச் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை மேடத்துக்கும் அவர் அம்மாவுக்கும் தொலைபேசியில் ஏதோ பேச்சு முற்றிவிட்டது. மேடம் ரிசீவரை வைத்த வேகத்தில் மேசை ஆடியது. வியாழக்கிழமை சீட்டு எழுதி ஒட்டினார். வெள்ளிக்கிழமை காலை ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா மயங்கி விழுந்துவிட்டாராம். மத்தியானம் மேடம் விமானம் ஏறிவிட்டார். சீட்டு மட்டும் கதவில் இருந்தது.

சனிக்கிழமை தோட்டக்காரர் வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றார். "படிச்சு சொல்லும்மா."

புல்லுக்குத் தண்ணீர், வேலி ஓரம் வெட்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரி: ரவுண்ட் பெட். கீப் த பிங்க்ஸ். புல் அவுட் த ரெஸ்ட்.

"வட்டப் பாத்தியில பிங்க் கலரு பூவ மட்டும் வச்சிட்டு மிச்சத்த எல்லாம் புடுங்கிறச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

வட்டப் பாத்தியில் பிங்க் நிறத்தில் இருந்தது பெட்டூனியா மட்டும்தான். மம்மியின் பூக்களில் வெள்ளையும் சிவப்பும் கருஞ்சிவப்பும் இருந்தன. மருந்துக்குக்கூட ஒரு பிங்க் கிடையாது. அவர் போய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்தக் கிராம்புப் பூ நல்லாப் பூத்து நிக்குதே தங்கச்சி. இன்னொரு தடவ படிச்சுப் பாரேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு இங்கிலிஷ் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா நானா? எழுதியிருக்கிறதத்தான் படிக்கிறேன். அம்மாகூட சண்ட, அந்தக் கோவத்துல எழுதியிருக்காங்க. பெரிய எடத்துச் சங்கதி, நமக்கு எதுக்கு?"

"இல்லம்மா, எதுக்கும் ஒருக்கா..."

"நான் படிச்சாச்சு."

சீட்டின் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாத்திக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை போட்ட வெள்ளையையும் அவர் பிடுங்கினார். சண்டை என்றாலும் இப்படியா என்று மேடத்தை மனதுக்குள் திட்டினேன். ஓடிப்போய் நான்கு தண்டு வாங்கிவந்து குசினி ஜன்னலில் தம்ளரில் போட்டு வைத்தேன். மிச்சத்தை அவர் கறுப்புப் பையில் கட்டி, பம்ப் அறைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை வண்டியில் ஏற்றுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சேர் சீக்கிரமே வந்தார். தேநீர் கொண்டுபோய் வைத்தேன். மேடத்தின் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார். மகள் போய்ச் சேருமுன்னே உயிர் போய்விட்டதாம். வீட்டை விற்கப் போகிறார்கள், அதனால் மேடம் வர இரண்டு வாரம் ஆகும், தோட்டத்தை வாங்குகிறவர்கள் உழுதுவிடுவார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, பிங்க்ஸ் இங்கே இருக்கின்றன. அவளுக்கு அதுவாவது மிஞ்சியது."

தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். "பிங்க்ஸ் என்றால் என்ன சேர்?"

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து என் கையில் கொடுத்தார். அட்டையில் பனி மூடிய வேலி. உள்ளே பக்கம் முழுக்க என் கராம்புப் பூ. கரை போட்ட வெள்ளை மேலே, நறுக்கிய வெள்ளை கீழே, அவற்றுக்குத் தலைப்பாகப் பெரிய எழுத்தில் பிங்க்ஸ். துணி ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டுவதற்கு இங்கிலிஷில் பழைய காலத்தில் பிங்க் என்று சொல்வார்களாம். இதழ் அப்படி இருப்பதால் பூவுக்கு அந்தப் பெயர். நிறத்துக்கே இந்தப் பூவிலிருந்துதான் பின்னால் பெயர் வந்ததாம். மொழிக்கே புத்தி கெட்டுப்போனால் என்னைப்போன்றவள் என்ன செய்வாள் என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. அது ஒரு கணம்தான். அதற்குப் பிறகு, "இன்னொரு தடவ படிச்சுப் பாரேன்" என்று வாசலில் நின்ற மனிதர் மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றார். அவர் கையால் பிடுங்கியது. அவர் பெயரில்தான் புகார் போகும்.

சேர் ஜன்னல் பக்கம் திரும்புமுன் திரையை இழுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சேரின் கார் தெரு முனை திரும்பியதும் பம்ப் அறைக்குப் பின்னால் ஓடினேன். பையைத் திறந்தால் குப்பென்று சூடு. இரண்டு நாள் வெந்திருந்தது. ஐந்து செடி கையோடு வழுவழுவென்று வந்தன. மற்றவற்றில் நுனிக்குருத்து மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. கராம்புப் பூவில் ஒரு வசதி உண்டு. நுனியைப் பிடித்து நேராக ஒரு இழுப்பு இழுத்தால் கணுவோடு கழன்று வரும். அதைச் செருகினால் வேர்விடும். பங்களாவில் நூற்றுக்கணக்கில் இழுத்த கை. இங்கே ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துத்தான் இழுத்தேன். பின்பக்கம் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை எடுத்து, உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, பால்பவுடர் வந்த காலிப் பால்மா டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பதினாறு குருத்தை ஊன்றினேன். தம்ளரில் இருந்த கரை போட்ட வெள்ளையில் பக்கத் துளிர் இரண்டு கிடைத்தது. அதையும் ஊன்றினேன். பதினெட்டு.

செவ்வாய்க்கிழமை தோட்டக்காரர் வந்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவ சொன்னேன்லம்மா" என்றார். அவ்வளவுதான்.

அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். குழாயை மூடிவிட்டு டின்களைப் போய்ப் பார்த்தார். "வெயிலு படாம இருக்கட்டும். தண்ணிய ஊத்திக் கொன்னுறாத." பிறகு, "அந்தச் சீட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "பத்திரமா வச்சுக்க" என்றார்.

அதைக் கிழித்துப்போட்டுவிடலாமா என்று முந்திய நாள் இரண்டு முறை யோசித்தவள் நான். கிழித்தால் சீட்டில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? படிக்கத் தெரியாத தோட்டக்காரன் ஏதோ செய்துவிட்டான் என்று முடிந்துவிடும். கிழிக்கவில்லை. ஆனால் சேரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தேநீர்த் தட்டோடு போய் நிற்பேன், நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இஸ்திரிப்பெட்டி சட்டையைத் தீய்த்தது. ஏப்ரல் ஏப்ரல் என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த இரண்டு வாரமும் தோட்டக்காரர் வந்ததும் நேராகப் பம்ப் அறைக்குத்தான் போவார். முதல் வாரம் பதினெட்டில் ஆறு கருகின. அப்புறம் மூன்று. கரை போட்ட வெள்ளையில் ஒன்று சாய்ந்தது, ஒன்று நின்றது. கடைசியில் எட்டு குருத்து நிமிர்ந்து நின்றன. பாத்தியில் நட்டுவிடலாமா என்று கேட்டேன். இப்போது அசைத்தால் எட்டும் போய்விடும் என்றார். பாத்தியில் பெட்டூனியா பிங்க் வளையமாகப் பளபளவென்று பூத்துக் கிடந்தது. பெட்டூனியாவை அவ்வளவு செழிப்பாக நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததே இல்லை.

மேடம் வந்தது சனிக்கிழமை காலை. தோட்டக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவர் கைப்பையைக்கூட வைக்காமல் வட்டப் பாத்திக்குப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் பாத்தியைச் சுற்றி வந்து பார்த்தார். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"இவன் ஏன் இதைச் செய்தான் என்று கேள்" என்றார் என்னிடம், மெல்லிய குரலில்.

அந்த வீட்டில் தோட்டக்காரருக்கும் மேடத்துக்கும் நடுவில் வாய் நான்தான். மேடம் பேசுவது அவருக்கு என் வழியாகத்தான் போகும், அவர் பேசுவது மேடத்துக்கு என் வழியாகத்தான் வரும்.

"ஏன் புடுங்குனீங்கன்னு மேடம் கேக்குறாங்க நானா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "உள்ளதச் சொல்லும்மா" என்றார்.

உள்ளதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேடத்தின் வெளுத்த முகத்தையும், அதற்குப் பின்னால் சேரின் அலமாரியையும், முன்பல் இல்லாத என் மகளின் சிரிப்பையும் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஹீ சேஸ் சாரி, மேடம்."

சாரி என்கிற சொல் அவருக்கும் தெரியும். வளைகுடாவில் இறங்கிய ஒருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மேடம் உள்ளே போனார். நான் பெட்டியோடு அங்கேயே நின்றேன். ஹாலில் தொலைபேசி சுழற்றும் சத்தம் கேட்டது. கம்பனிப் பெயரைச் சொன்னார், தோட்டக்காரன் என்றார், இனி இங்கே வேண்டாம் என்றார். ரிசீவர் வைத்த சத்தமும் கேட்டது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் எந்த நிமிஷத்திலும் நான் உள்ளே போயிருக்கலாம்.

போனது அதற்குப் பிறகு. என் அறைக்கு ஓடி, துணிப்பெட்டிக்குள் இருந்த சீட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். "தப்பு என்னுடையது மேடம். நான்தான் படித்தேன். பிங்க் என்றால் நிறம் என்று நினைத்தேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார், நான் படிக்கவில்லை. அவர் சாரி சொல்லவில்லை. அது நான் சொன்னது." எந்த இங்கிலிஷில் சொன்னேனோ, அழுகையில் பாதி தமிழாகத்தான் இருந்திருக்கும்.

மேடம் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வழியே பெட்டூனியாவைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். நான் அவரைப் பம்ப் அறைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். எட்டு டின்னுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குருத்தாகத் தொட்டார். கரை போட்ட வெள்ளை எது என்று கேட்டார், காட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்க் கம்பனிக்கு மறுபடி பேசினார். தவறு எங்களுடையது, அந்த ஆள் நல்ல ஆள், அவரையே அனுப்புங்கள் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குள் தோட்டக்காரர் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது வேறு ஆள், அதிகம் பேசாத ஒரு பாகிஸ்தானி. அவரிடம் கேட்டுத்தான் தெரிந்தது. ஒரே நாளில் ஒரு ஆளைப் பற்றி இரண்டு ஃபோன் வந்தால் ஃபோர்மனுக்கு எது புகார், எது பாராட்டு என்று பார்க்கப் பொறுமை இல்லை. ஊருக்கு அனுப்பவில்லை, அந்த மட்டும் மேடத்தின் இரண்டாவது ஃபோன் காப்பாற்றியது. துபாய்க்கு அப்பால் ஜெபல் அலியில் ரோட்டோரம் மரக்கன்று வைக்கும் சைட்டுக்கு மாற்றிவிட்டான். நிழல் என்று சொல்ல அங்கே தண்ணீர் லாரியின் நிழல்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், டிக்கட்டும் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகாததுதான் சோறு இறங்கவிடாமல் செய்தது.

வெள்ளிக்கிழமைகளில் ரோலாவில் எப்படியும் கண்ணில் படுவார் என்று போய் நின்றேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடுகிற இடம். முதல் இரண்டு வெள்ளியும் அவரைக் காணவில்லை. மூன்றாவது வெள்ளி, நான் ஊருக்குப் போக ஐந்து நாள் இருக்கும்போது, துபாய் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். ஆள் கறுத்து உலர்ந்து போயிருந்தார். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எப்போதும்போல், "என்னம்மா தங்கச்சி, லீவு கெடச்சிருச்சா?" என்றார்.

கிடைத்துவிட்டது என்றேன். பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்து நீட்டினேன். மேடம் கொடுத்தனுப்பியது. எட்டில் ஒன்று, நறுக்கிய வெள்ளை; இரண்டு மொட்டு வைத்து ஒன்று விரிந்திருந்தது. அவர் வாங்கி மோந்து பார்த்தார்.

"மத்தது?"

"ஏழும் நல்லாருக்கு நானா. ஜூன்ல கொண்டுபோயி அவங்க தங்கச்சி வீட்டுல நடப்போறாங்களாம்."

"சந்தோசம்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்று வெள்ளிக்கிழமையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "என்ன மன்னிச்சிருங்க நானா."

"எதுக்கு? தப்பாப் படிச்சதுக்கா? நான் படிச்சிருந்தா அந்த அளவுகூட வந்திருக்காது. நீ கொஞ்சம் லேட்டாச் சொன்னதுக்கா? மேடம் மறுபடி ஃபோன் பண்ணுனத ஃபோர்மன் சொன்னான். புள்ள ஞாபகம் வந்திருக்கும். அதெல்லாம் போகட்டும்."

பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்தார்கள். அவர் டின்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் படியில் ஒரு கால் வைத்தார். பிறகு திரும்பி, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"ஆனா நான் சாரி சொல்லலையே, தங்கச்சி."